முழங்கால்கள் தெரியவில்லை

"சபாஷ், ஞானதாஸ்! பதினாறு முறை எழுந்துவிட்டீர்கள்!" என்று டேப்லெட் கத்தியது.

எழுந்தது ஞானதாஸ் இல்லை. அவருடைய மருமகள் ஷைனி. நான்தான்.

எழுபத்து நாலு வயது ஞானதாஸ், என் மாமனார், அந்த நேரத்தில் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, காலை ஆறு மணிக்கே வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன். அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது. ஏழு மணிக்கு நான் லேபில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்து வாசலில் நின்று கரித்துக்கொட்டுவார்கள். அந்த எரிச்சலில் பதினேழாவது முறையும் எழுந்தேன். அதற்கும் ஒரு சபாஷ் விழுந்தது.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் பிராங்கிளின் மேல் கோபம். அந்த டேப் மேல் கோபம். மாமாவின் வேட்டி மேல்கூடக் கோபம். என் மேல் இருக்கிற கோபத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது கொஞ்சம் பெரிது.

மாமா சேவுகம்பட்டிக்காரர். திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் நாற்பது வருடம் தராசு பிடித்தவர். போன ஆடி மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து, உள்ளே தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அத்தை போய் ஆறு வருடம் ஆகிறது. என் மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வீட்டில் அவரும் நானும்தான்.

படுத்த மனிதரைத் திரும்ப நடக்க வைத்தவர் முகேஷ்குமார். ஒட்டன்சத்திரத்துக்காரர், பிசியோதெரபி படித்தவர். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருடைய பைக் சத்தம் கேட்கும். இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மாமா வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். "எந்திரீங்க ஐயா... இன்னொருக்கா... கையை ஊனாம எந்திரீங்க பாக்கலாம்" என்ற குரல் அடுப்படி வரைக்கும் வரும். மாமா வலியில் கெட்ட வார்த்தை பேசுவதும் கேட்கும். அதற்கு முகேஷ்குமார் சிரிப்பதும் கேட்கும்.

கிறிஸ்துமஸுக்குள் மாமா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். கிறிஸ்துமஸ் பூசையில் நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்தபோது, முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார். பக்கத்தில் நின்ற நான் அழுதே விட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் பிராங்கிளின் லீவில் வந்தார். ஒரு டேப், அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு நீல டிராக் பேண்ட். டேப்பில் வயதானவர்களுக்கான உடற்பயிற்சி ஆப் ஒன்றை ஏற்றியிருந்தார்.

"அப்பா, நீங்க நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கிறத இது தானா எண்ணும். நல்லாப் பண்ணுனா அடுத்த லெவலுக்கு ஏத்தி விடும். நான் அங்க இருந்துக்கிட்டே பாத்துக்குவேன்" என்றார்.

மாமா டிராக் பேண்டை விரித்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத யாருலே போடுறது?"

"நீங்கதாம்ப்பா."

மாமா அதை நாலாக மடித்து மகன் மடியிலேயே வைத்துவிட்டார். பிராங்கிளின் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம்தான் சொன்னார்: "தெனமும் காலையில ஆறு மணிக்கு அலாரம் வச்சிருக்கேன். நீ பாத்துக்க." நீ பாத்துக்க. கல்யாணமான இந்த இருபது வருடத்தில் அவர் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான்.

மறுநாள் ஆறு மணிக்கு மாமாவைக் கூட்டிவந்து டேப் முன்னால் உட்கார வைத்தேன். "வணக்கம், ஞானதாஸ்!" என்றது ஒரு பெண்குரல்.

"யாரு இவ, பேரச் சொல்லிக் கூப்பிடுறவ?" என்றார் மாமா.

"மிஷினு மாமா. கண்டுக்காதீங்க."

"முழங்கால்கள் தெரியவில்லை" என்றது குரல். "சரியான உடை அணிந்து மீண்டும் முயலுங்கள், ஞானதாஸ்."

விஷயம் இதுதான். அந்த ஆப் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பாம். கழுத்துக்குக் கீழே உடம்பைப் புள்ளியும் கோடுமாக ஆக்கி, முழங்கால் மடங்கி நிமிர்வதை மட்டும் எண்ணும். மஸ்கட்டில் பிராங்கிளினுக்குத் தெரிவதும் அந்தக் கோட்டுப் படமும் ஒரு எண்ணும்தான். வேட்டிக்குள்ளே முழங்கால் எங்கே இருக்கிறது என்று அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாமா, வேட்டியச் செத்த மடிச்சுக் கட்டிக்கங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ நிக்கையிலயா?"

தெருவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வருவார். கேட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பது கண்ணில் பட்டால் அவர் கை தானாக மடிப்பை அவிழ்த்துவிடும். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அப்படித்தான். எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் கிடத்தியபோதுகூட ஒரு கையால் வேட்டியைக் கணுக்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அது எனக்குக் கொடுக்கிற மரியாதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நான் வெளியே போய் நிற்கலாம் என்றால், அவர் எழும்போது தடுமாறினால் பிடிக்க ஆள் வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் எழக் கூடாது என்று முகேஷ்குமார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் நின்றால் அவர் மடிக்க மாட்டார். மடிக்காவிட்டால் அது எண்ணாது.

"எனக்கு முகேசு போதும் தாயி" என்று சொல்லிவிட்டு மாமா தடியை ஊன்றி உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. "ஏன் ஷைனி ஆப்புல செவப்புக் காட்டுது? அப்பாவுக்குன்னு பத்து நிமிஷம் ஒதுக்க முடியலையா ஒனக்கு?"

வேட்டிக் கதையைச் சொன்னேன்.

"இந்தக் காலத்துல போயி இதெல்லாமா? அந்தப் பேண்ட எடுத்துப் போடச் சொல்லு."

"நீங்களே அவருகிட்ட சொல்லுங்க."

"நான் சொன்னா அப்பா மனசு கஷ்டப்படும்."

எப்படி இருக்கிறது பாருங்கள். மகன் சொன்னால் மனசு கஷ்டப்படும். மருமகள் சொல்லலாம். முகேஷ்குமார் வரும் நாட்களில் அவரை வைத்து இந்த ஆப்பைப் போடட்டுமா என்று கேட்டேன். "அது வேற, இது வேற. இது தெனமும் காலையில பண்ணணும்" என்று முடித்துவிட்டார்.

பதினொரு நாள் சிவப்பு. பதினொரு நாளும் போன். "சும்மாதான இருக்கே காலையில" என்று ஒருநாள் கேட்டார். ஐந்து மணிக்கு எழுந்து சோறு, குழம்பு, வெஞ்சனம் எல்லாம் முடித்து, மாமாவுக்கு மாத்திரை எடுத்து வைத்து, லேபுக்கு ஓடுகிறவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. பன்னிரண்டாம் நாள் காலையில் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நானே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"முழங்கால்கள் தெரிகின்றன. தொடங்கலாம், ஞானதாஸ்!" என்றது குரல்.

எழுந்தேன். ஒரு நாளைக்கு என் கணவர் வாயை அடைக்கலாம் என்றுதான் எழுந்தேன். அன்று சாயங்காலம் பிராங்கிளின் குரலே மாறியிருந்தது. "பாத்தியா, மனசு வச்சா முடியுதுல்ல?" என்றார். குடும்ப வாட்ஸ்அப்பில் பச்சை வட்டத்தைப் படம் பிடித்துப் போட்டார். "அப்பாவை ஷைனி நல்லா கவனிச்சுக்குறா" என்று கீழே எழுதினார். மதுரையில் இருக்கும் அவர் அக்கா ரோஸ்மேரி வரிசையாக இதயமாகப் போட்டார். அந்த அண்ணி கிறிஸ்துமஸுக்கு அப்பாவைப் பார்க்க வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே பஸ் ஏறியவர்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளும் எழுந்தேன்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற கால்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆப் என்னை, இல்லை ஞானதாஸை, லெவல் இரண்டுக்கு ஏற்றியது. பிறகு மூன்று. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது, நின்றேன். பிப்ரவரி முடிவதற்குள் லெவல் ஐந்து.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை ஐந்து மணிக்கு பைக் சத்தம் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு நானே முகேஷ்குமாருக்குப் போன் போட்டேன்.

"அண்ணன் மஸ்கட்டுல இருந்து கூப்புட்டாருங்க அக்கா. இனிமே வர வேண்டாம்னுட்டாரு. ஐயா முப்பது செகண்டுல பதினெட்டுத் தடவ எந்திரிக்கிறாராமா" என்றார். "எங்கிட்ட ஆறுக்கு மேல எந்திரிச்சதே இல்லீங்களே. அதெப்படிங்க அக்கா?"

அந்தக் கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் என்ன வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. "தெரியலங்க" என்றேன்.

"ஆப் நல்லதுதானுங்க. நானே ரெண்டு பேத்துக்குப் போட்டு விட்டுருக்கேன். ஆனா ஐயாவுக்கு ஆளு பக்கத்துல நின்னு செய்ய வெக்கோணும். இப்ப விட்டுட்டா தொடையில இருக்கற சதை கரைஞ்சு போயிருமுங்க. அண்ணன்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கு சாயங்காலம் பிராங்கிளினிடம் சண்டை போட்டேன். எப்படிப்பட்ட சண்டை? பொய்யை வெளியே விடாமல் போட்ட சண்டை. "அவரு வரட்டுமே, நல்லதுதானே" என்று சுற்றிச் சுற்றி அதையே சொன்னேன். "நல்லா இருக்கறவருக்கு எதுக்கு பிசியோ? அதான் அங்க தெளிவா காட்டுதே" என்றார். காட்டுவது என் கால் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

புதன்கிழமை லேபிலிருந்து வந்தபோது மாமா தன் அறையில், நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, தயாராக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக அவிழ்த்து விட்டார்.

"முகேச ஏன் காணோம் தாயி?"

"அவருக்கு அம்மை போட்டிருக்காம் மாமா."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. "அடப் பாவமே" என்றார் மாமா. இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டார். முகேஷ்குமாரின் தங்கைக்கும் போட்டுவிட்டது என்றேன். அப்புறம் அவருடைய அம்மாவுக்கு. அந்தக் குடும்பத்தில் ஒருவர் விடாமல் வரிசையாகப் படுக்க வைத்தேன்.

மாமாவின் கால்கள் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன. முதலில் தெருமுனை டீக்கடைக்குப் போவது நின்றது. பிறகு வாசல் வரை வருவது நின்றது. கழிவறையில் எழுந்திருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்து இழுத்திருக்கிறார் போலிருக்கிறது, சுவரில் அந்தக் குழாயே ஆட ஆரம்பித்துவிட்டது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஹாலில் நானோ தினமும் காலையில் சபாஷ் வாங்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஏன் என்று போன் வரும். அதற்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்.

இந்த நேரத்தில் லேபில் ஒரு விஷயம் நடந்தது. புதிதாகச் சேர்ந்த இசைவாணி இரண்டு பேருடைய ட்யூபில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டாள். ரிப்போர்ட் வெளியே போவதற்குள் நான் பார்த்துவிட்டேன். "ஒருத்தர் ரத்தத்த இன்னொருத்தர் பேருல அனுப்புறியே, அந்த டாக்டர் எதப் பாத்து மருந்து எழுதுவாரு? சர்க்கரை இல்லாதவருக்கு ஊசி போட்டா யாரு பொறுப்பு?" என்று எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்தேன். அந்தப் பெண் விசும்பி விசும்பி அழுதது. பதினாலு வருடத்தில் நான் ஒரு ட்யூபில்கூடப் பெயர் மாற்றி ஒட்டியதில்லை என்று வேறு பெருமை பேசினேன். பேசி முடித்த பிறகுதான் என் வார்த்தை என் காதிலேயே விழுந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு செத்த நேரம் நின்றேன். அன்று சனிக்கிழமை.

மறுநாள் ஞாயிறு. ஆட்டோ பிடித்து மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு மூன்றாவது பெஞ்சில் ஓரமாக எப்போதும் உட்காரும் இடம் உண்டு. இரண்டாம் வாசகம் முடிந்து நற்செய்திக்கு எல்லோரும் எழுந்தார்கள்.

மாமா முன் பெஞ்சைப் பிடித்தார். இடுப்பு இரண்டு விரற்கடை மேலே வந்து திரும்ப விழுந்தது. மறுபடி பிடித்தார். முன் பெஞ்சில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை எழ முயன்றபோது பின்னால் நின்ற ஒரு பெண், "பரவால்ல பெரியவரே, உக்காந்துக்கங்க. சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்று தோளைத் தொட்டு அழுத்தினாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். பூசை முடிகிற வரை நிமிரவே இல்லை. கடைசியில் இரண்டு ஆண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஆட்டோ வரை கொண்டுவந்தார்கள்.

ஆட்டோவில் மாமா சொன்னார்: "இனிமே நான் கோயிலுக்கு வரல தாயி. படுக்கையில கெடக்கிறவங்களுக்குக் குடுக்குறாங்கள்ல, அது மாதிரி எனக்கும் நற்கருணைய வீட்டுக்குக் கொண்டாந்து குடுக்கச் சொல்லு ஃபாதர்கிட்ட."

படுக்கையில் கிடக்கிறவர். நான் அவரை அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். ஆட்டோ மேட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவருடைய இரண்டு முட்டிகளும் வேட்டிக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சாயங்காலம் ஏழு மணிக்கு பிராங்கிளின் வீடியோவில் வந்தார். டேப் ஹாலில் அதே ஸ்டாண்டில் நின்றது. மாமா அதே நாற்காலியில். எப்போதும் போல மாமாவின் தலையும் நெஞ்சும் மட்டும் அவருக்குத் தெரியும்படிதான் டேப் இருந்தது. மற்ற நாட்களில் பேச்சு உடற்பயிற்சிப் பக்கம் போனால் நான் நடுவில் புகுந்து திருப்பிவிடுவேன்; அன்றைக்கு எனக்கு அதற்குத் தெம்பில்லை.

"அப்பா! லெவல் ஏழுப்பா நீங்க! மே மாசம் வாரேன். ரெண்டு பேரும் மலைக்கோட்டை ஏறுவோம், என்ன?"

"என்ன லெவலுலே?" என்றார் மாமா.

"தெனமும் பண்றீங்கள்ல, அதுதாம்ப்பா. நேத்து இருபத்தொரு தடவ எந்திரிச்சிருக்கீங்க."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அது அவரு இல்லங்க" என்றேன். "நான்."

"என்ன நீ?"

"எந்திரிச்சது நான். ரெண்டு மாசமா நான்தான் எந்திரிக்கிறேன். ஒங்கப்பா ஒரு நாள்கூட அந்த டேப்பு முன்னால எந்திரிக்கல."

பிராங்கிளின் கத்த ஆரம்பித்தார். "என்ன வெளையாட்டா ஒனக்கு? என்னைய முட்டாளாக்கிப் பாத்திருக்கியா? ஒரு வயசானவரு உயிரோட வெளையாடியிருக்கியே, நீயெல்லாம் லேபுல வேல பாக்குறவளா?"

எல்லாம் சரியான கேள்விகள். ஆனாலும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா, வெளையாடிட்டேன். தப்புதான். நீங்க என்ன பண்ணுனீங்க? என் முன்னால வேட்டிய மடிக்க மாட்டாருன்னு சொன்னேன்ல? பேண்ட போடச் சொல்லி நீங்க ஒரு வார்த்த அவருகிட்ட கேட்டீங்களா? தெனமும் போன்ல பாக்குறீங்களே, நெஞ்சுக்குக் கீழ ஒங்கப்பாவ என்னைக்காவது பாத்தீங்களா? இன்னைக்குக் கோயில்ல எந்திரிக்க முடியாம ஒக்காந்திருந்தாரு. ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தாங்க. நம்பர மட்டும் பாத்துட்டு முகேஷ்குமார நிப்பாட்டிட்டீங்களே, என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"முகேசையா?" என்றார் மாமா.

அவர் குரல் சன்னமாகத்தான் வந்தது.

"முகேச நீயா நிப்பாட்டுன?" என்று மகனைக் கேட்டார்.

"இல்லப்பா, நீங்க நல்லா பண்றதா..."

மாமா அவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மை போட்டிருக்குன்னு சொன்னியே தாயி."

நான் தலையைக் குனிந்தேன்.

"அவன் தங்கச்சிக்கும்னு சொன்ன. ஆத்தாளுக்கும்னு சொன்ன. அம்புட்டுப் பேருக்கும் சேத்துத் தெனமும் ஒரு ஜெபமால சொல்லிக்கிட்டுக் கெடந்தேனே நான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "காலையில நீ குதிக்கிறது கேக்கும். ஒன் ஒடம்புக்குப் பண்றேன்னுல்ல நெனச்சேன். மிஷினு என் பேரச் சொல்லும். எனக்கு வாங்குன மிஷினு, வேற பேரு அதுக்குத் தெரியாது போலன்னு இருந்தேன். என் பேருல நீயா எந்திரிச்ச?"

"மாமா, தப்புதான் மாமா..."

"பேசாத."

அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. பிறகு டேப்பைக் கைத்தடியால் காட்டினார்.

"இதக் கீழ எறக்கி வையி. முழுசாத் தெரியணும் அவனுக்கு."

ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி இறக்கி வைத்தேன். மாமா தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டுக் குனிந்தார். வேட்டியின் இரண்டு நுனியையும் பிடித்தார். நான் சட்டென்று சுவர் பக்கம் திரும்பப் போனேன்.

"நீயும் பாரு" என்றார். "எங்கயும் போகாத."

என் முன்னால், மருமகள் முன்னால், மாமா வேட்டியை முட்டிக்கு மேல் மடித்துக் கட்டினார். வலது காலும் இடது காலும் ஒரே ஆளுடையது போல இல்லை. இடது தொடையில் ஆபரேஷன் தழும்பு நீளமாக ஓடியது. அதைச் சுற்றிச் சதையே இல்லை, தோல் தொங்கியது. முழங்கால் சில்லு மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"தெரியுதாலே?" என்றார் மாமா.

"தெரியுதுப்பா."

"எண்ணு."

நாற்காலியின் கைகளைப் பிடித்து எழுந்தார். பாதி வந்து விழுந்தார். நாற்காலி மொசைக் தரையில் கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. நான் ஓடிப்போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"நாற்காலியப் பிடி. என்னையத் தொடாத" என்றார்.

இரண்டாம் முறையும் விழுந்தார். மூன்றாம் முறை, முகேஷ்குமார் சொல்லிக்கொடுத்தபடி பாதங்களைப் பின்னால் இழுத்து வைத்து, நெஞ்சை முன்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி எழுந்தார். எழுந்து நின்றார். இரண்டு கால்களும் வெடவெடவென்று நடுங்கின. வேர்வை தாடையிலிருந்து சட்டையில் சொட்டியது.

"போதும்ப்பா, ஒக்காருங்க, போதும்" என்று பிராங்கிளின் அழுதுகொண்டிருந்தார்.

"எத்தனலே?"

"அப்பா..."

"எத்தனைன்னு கேட்டேன்."

"ஒன்னுப்பா."

"அதப் போடு ஒன் குரூப்புல. அதுதான் என்னோடது. மத்ததெல்லாம் ஒம் பொண்டாட்டி எந்திரிச்சது."

நான் நாற்காலியை அவர் பின்னால் நகர்த்தினேன். உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரம் பிடித்தது. வேட்டியை அவிழ்த்து விடவில்லை. அப்படியே முட்டி தெரிய உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"முகேசுக்குப் போனப் போடு தாயி. வீட்டுல எல்லாருக்கும் அம்மை எறங்கி, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னு கேளு."

நான் போனை எடுத்தேன்.